சித்தி என்றொரு சொல்

தமிழில் உறவுப் பெயர்கள் ஏராளம். அவற்றுள் 'சித்தி' என்பதைப் போல் இரு முகம் கொண்ட பெயர் அரிது. தாயின் தங்கை சித்தி. தந்தையின் தம்பி மனைவியும் சித்தி. தாய் இல்லாத வீட்டில் அவளிடத்துக்கு வந்து சேரும் மாற்றாந்தாயும் சித்தியே. முன்னிருவரைச் சுட்டும்போது அச்சொல்லில் இனிமை சுரக்கும். மூன்றாமவரைச் சுட்டும்போதோ அதே சொல் கசந்துவிடும். சிற்றன்னை என்றவுடன் கைகேயியின் நினைவு வரும் அளவுக்கு நம் மொழியின் மனத்தில் அக்கசப்பு ஊறியிருக்கிறது. நம் இல்லங்கள் சிலவற்றில் சின்னம்மா என்றும், வேறு சிலவற்றில் சாச்சி என்றும் அழைக்கின்றனர். பெயர் மாறினாலும் 'மூத்த தாரத்துப் பிள்ளை' என்று அயலார் இரக்கத்தோடு இழுக்கும் குரல் எங்கும் ஒன்றுதான். அரபிப் பேச்சு வழக்கிலும் 'சித்தீ' என்றொரு சொல் உண்டு. 'என் தலைவியே' என்பது அதன் பொருள். ஓசையால் ஒன்றுபட்ட இவ்விரு சொற்களும் மதிப்பால் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன!

கசந்துபோன இச்சொல்லை ஒரு நடிகை எடுத்து, இரண்டாண்டுக் காலம் தமிழ்நாட்டு வீடுகளில் மதிப்புக்குரியதாக ஒலிக்கச் செய்தார். அவர் இராதிகா. 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'சித்தி' தொடரின் நாயகி அவரே; தம் ராடான் நிறுவனத்தின் வழியே அதைத் தயாரித்தவரும் அவரே. அவருடைய கலை வாழ்வையும், பொதுமக்கள் வாயில் நெடுநாள் அரைபட்ட அவருடைய சொந்த வாழ்வையும் எவ்வாறு சீர்தூக்குவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நடிகையைப் பற்றி நம் ஏட்டில் என்ன பேச்சு என்று முகம் சுளிப்பார் இருக்கலாம். நம் வீட்டுக் கூடத்தில் ஆண்டுக் கணக்கில் ஒலித்த குரலைப் பற்றி நாம் பேசாதிருப்பது பேணுதல் ஆகாது; கண்ணை மூடிக்கொள்வதே ஆகும்.

அளவுகோல் எது?

ஒரு கலைஞரை எடைபோடும்போது அவருடைய ஒழுக்கத்தையும் நிறுக்கலாமா என்ற வினா முதலில் எழுகிறது. நம் மதரஸாக்களில் ஹதீஸ் கலை பயின்றோர் 'ஜர்ஹு வ தஃதீல்' என்னும் பிரிவை அறிவர். ஒரு செய்தியை அறிவிப்பவர் நம்பத் தக்கவரா, நினைவாற்றல் உடையவரா, பொய் சொல்லிப் பிடிபட்டவரா என்றெல்லாம் அவர் வாழ்வை ஆராய்ந்து எழுதினர் இமாம்கள். ஏன்? அவர் சாட்சியாக நிற்கிறார். அவர் சொல்லை நம்பியே சட்டமும் வணக்கமும் அமைகின்றன. வாழ்வு பழுதானால் சாட்சியமும் பழுதாகும்.

ஆயின் கதை சொல்பவர் சாட்சி அல்லர். 1122-இல் மறைந்த பஸராவின் அல்ஹரீரி எழுதிய 50 மகாமாக்களைப் பாடமாக ஓதியவர்கள் ஸரூஜ் ஊர் அபூஸைதை மறக்க மாட்டார்கள். அவன் ஊர் ஊராய் வேடம் மாற்றிச் சென்று, சொல்வன்மையால் மக்களை ஏமாற்றிப் பொருள் பறிப்பவன். அக்கதைகளை ஓதிய மார்க்க அறிஞர்கள் ஹரீரியைப் பொய்யர் என்று தள்ளவில்லை. கதை என்று அறிவித்தே கதை சொல்கிறவனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: சொல் செம்மையா? பாத்திரம் உயிருள்ளதா? கேட்டவன் உள்ளம் எப்பக்கம் சாய்கிறது? நடிப்புக் கலைக்கும் இவையே அளவுகோல்கள். அறிவிப்பாளருக்குரிய தராசில் நடிகையை ஏற்றுவது கலைக்கும் பொருந்தாது. தராசுக்கும் பெருமை சேர்க்காது.

குரலே கருவி

நடிகவேள் எம்.ஆர். இராதாவின் மகள் இராதிகா. தாயார் கீதா இலங்கையைச் சேர்ந்தவர். 1978-இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலி என்னும் சிற்றூர்ப் பெண்ணாகத் திரைக்கு வந்தார். அதன்பின் தமிழிலும் தெலுங்கிலும் பல படங்கள். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். நம் பொருளுக்கு நெருக்கமானவை அவை.

ஒன்று, 1986-இல் கே. விஸ்வநாத் இயக்கிய 'சுவாதி முத்யம்'. தமிழில் 'சிப்பிக்குள் முத்து'. கையில் குழந்தையோடு கணவனை இழந்து நிற்கும் இளம்பெண்ணாக இராதிகா அதில் வருகிறார். உலகியல் அறியாத வெள்ளை உள்ளத்தான் ஒருவன் ஊர் அறிய அவளை மணந்துகொள்கிறான். கைம்பெண் மறுமணம் என்பது அக்கதையில் ஊரை அதிரச் செய்யும் நிகழ்ச்சி. மற்றொன்று, 1993-இல் வந்த 'கிழக்குச் சீமையிலே'. மதுரை, தேனிப் பக்கத்து மண்வாசனையில் எழுந்த அப்படத்தில் அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவே கிழிபடும் விருமாயி அவர். இரண்டிலும் அழுகைக் காட்சிகள் நிறைய. ஆனால் அவர் அழுகையில் கெஞ்சல் குறைவு. வழக்குரைக்கும் தொனியே மிகுதி. தனக்கு நேர்ந்த அநியாயத்தை அவர் அழுதுகொண்டே வாதிடுவார்.

அவ்வாதத்தின் கருவி குரல். சற்றே கரகரத்த, அடித்தொண்டையிலிருந்து எழும் குரல் அது. 1985-இல் வெளிவந்த 'முதல் மரியாதை'யில் நடிகை ராதா ஏற்ற குயில் என்னும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் இராதிகாவே என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. என்றாலும் அப்பெண்ணின் உள்ளம் நமக்கு எட்டியது. திரையில் முகம் காட்டாமலே ஒரு பாத்திரத்துக்கு உயிரூட்டக் கூடியவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

தொலைக்காட்சிக்கு வந்தபோது இக்குரலே அவருக்குப் பெருமுதலாயிற்று. தொடர் நாடகம் பார்க்கப்படுவதைக் காட்டிலும் கேட்கப்படுவதே மிகுதி. தோசைக்கல்லின் முன் நிற்கும் பெண், வெங்காயம் உரிக்கும் பெண், பிள்ளைக்குச் சோறூட்டும் பெண் எல்லாரும் செவியால்தான் கதையைத் தொடர்கின்றனர். நம் முன்னோர் இல்லங்களில் கிஸ்ஸாவும் மாலையும் முனாஜாத்தும் ஒருவர் இராகமிட்டு ஓத, மற்றவர் கைவேலை செய்துகொண்டே கேட்டனர். அவ்வழக்கம் தேய்ந்த கூடத்தில்தான் தொலைக்காட்சி வந்து அமர்ந்தது. ஓதுகின்ற குரல் நீங்கிய இடத்தில் நடிக்கின்ற குரல் நுழைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

2000-இல் நான் இளம் ஆசிரியன். இஷாத் தொழுகை முடித்துத் திண்டுக்கல் பேகம்பூர்த் தெருக்களில் நடந்து வருகையில், ஒரு வீட்டு வாசலில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டு வாசலில் பிடித்துக்கொள்ளலாம். தோல் பதனிடும் கூடத்தில் பகலெல்லாம் உழைத்து வந்த ஆடவரும் திண்ணையில் இருந்தபடி செவிசாய்ப்பர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரைத் தாங்கிய அப்பகுதியில், மற்றொரு பெண்ணின் குரல் அந்நாளில் இரவுதோறும் ஆட்சி செய்தது.

பூட்டும் சாவியும்

தொடர் நாடகத்தின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 1930-களில் அமெரிக்க வானொலியில் பகற்பொழுது நாடகங்களுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் பணம் கொடுத்தன. வீட்டுப் பெண்கள் கேட்க வேண்டும், கேட்டவர்கள் சவர்க்காரம் வாங்க வேண்டும் என்பது கணக்கு. 'சோப்பு நாடகம்' என்ற பெயர் அதனால் வந்தது. மெக்சிகோ நாட்டில் இவ்வடிவத்தைச் சமூகக் கல்விக்குத் திருப்பினர். அதைப் பார்த்து 1984-இல் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரை ஒளிபரப்பியது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் கல்வி பின்னுக்குப் போய் விளம்பரம் முன்னுக்கு வந்தது. வாரம் ஒருமுறை வந்த கதை நாள்தோறும் வரத் தொடங்கியது.

நாள்தோறும் கதையை முடிக்காமல் நிறுத்தும் உத்தி நமக்குப் புதிதன்று. 'ஆயிரத்தோர் இரவுகள்' முழுவதும் அவ்வுத்தியின் மேல்தான் நிற்கிறது. விடியும் வேளையில் ஷஹ்ரஸாத் கதையை நடுவில் நிறுத்துகிறாள். மிச்சத்தைக் கேட்கும் ஆவலில் மன்னன் அவள் தலையை மறுநாள் வரை விட்டுவைக்கிறான். அவள் நிறுத்தம் ஓர் உயிரைக் காத்தது; மெல்ல மெல்ல அம்மன்னனையும் திருத்தியது. தொலைக்காட்சி நிறுத்தம் எதைக் காக்கிறது? அடுத்த விளம்பரத்தை. எங்கள் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி பூட்டை விற்கும்போதே சாவியையும் கையில் கொடுத்துவிடுவான். தொடர்க்காரர்களோ பூட்டை மட்டும் இன்று கொடுத்துச் சாவிக்கு ஆண்டுக் கணக்கில் அலைக்கழிக்கின்றனர்.

'சித்தி' இக்குறையிலிருந்து முற்றும் தப்பியது என்று சொல்ல மாட்டேன். சூழ்ச்சி, எதிர்ச்சூழ்ச்சி, வீட்டுக்குள் பகை என்னும் கலவை அதிலும் உண்டு. ஆயினும் அதன் நடுவே ஒரு தெளிவான கரு இருந்தது. சாரதா என்னும் பெண் தாயில்லாத சிறுமி ஒருத்திக்குச் சித்தியாக வருகிறாள். கணவனாக நடிகர் சிவகுமார். சித்தி என்றால் கொடுமைக்காரி என்று உலகம் எழுதிவைத்த தீர்ப்பை அவள் தன் நடத்தையால் திருப்பி எழுத வேண்டும். இக்கரு தமிழ்ப் பொதுமனத்தின் பழைய காயத்தைத் தொட்டது. தெலுங்கில் 'பின்னி' என்னும் பெயரில் போனபோதும் தொட்டது. நாயகியே தயாரிப்பாளராகவும் இருந்ததால், கதையில் பெண்ணின் இடம் எது என்று தீர்மானிக்கும் நாற்காலியிலும் ஒரு பெண்ணே அமர்ந்திருந்தார். இதை நான் பெரிய செய்தியாகக் கருதுகிறேன்.

பின்வந்த தொடர்களில் கரு மெலிந்து நீளம் பெருத்தது. 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2013 முதல் 2018 வரை ஓடிய 'வாணி ராணி'யில் வழக்கறிஞரான வாணியாகவும் இல்லத்தரசியான ராணியாகவும் இரட்டை வேடம் பூண்டார். இரு பெண்களையும் உடையால் வேறுபடுத்துவது எளிது. அவர் குரலின் வேகத்தால் வேறுபடுத்தினார். கற்றவள் சொல் சுருக்கமாய் வெட்டும். வீட்டுக்காரியின் சொல் இழுத்து அணைக்கும். நடிப்பு அங்கும் சோடை போகவில்லை. கதைதான் ஒரு குழியிலிருந்து மறு குழிக்குத் தாவிக்கொண்டிருந்தது. தேவயானி நடித்த 'கோலங்கள்' முதலிய பிற தொடர்களும் இதே காலத்தில் ஆயிரம் பகுதிகளைக் கடந்து சென்றன. எண்ணிக்கை வெற்றியின் அடையாளமானபோது முடிவு என்பதே தோல்வியின் அடையாளம் ஆகிவிட்டது.

2020 சனவரியில் 'சித்தி 2' தொடங்கியது. 2021-இல் அரசியல் பணியைக் காரணமாகக் கொண்டு இராதிகா அதிலிருந்து விலகினார். தொடரோ அவர் இல்லாமலே 2022 வரை நடந்தது. சித்தி இல்லாத 'சித்தி'! கதைக்காகத் தலைப்பு என்ற நிலை போய், தலைப்புக்காகக் கதை என்றாகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இதற்கிடையே 2019-இல் பெண்கள் மட்டுமே பங்கேற்ற 'கோடீஸ்வரி' அறிவுப்போட்டியை நடத்தினார். 2024-இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சி சார்பில் போட்டியிட்டுத் தோற்றார். அரசியலை எடைபோட வேறு தராசு உண்டு. இங்கே அதை எடுக்கவில்லை.

தொடர்களின் உள்ளடக்கத்தில் எனக்குள்ள பெருங்குறை வேறொன்று. பொறுமை என்பதை அவை தவறாகப் போதிக்கின்றன. நாயகி அடி வாங்குகிறாள், பழி சுமக்கிறாள், உண்மை தெரிந்தும் வாய் திறவாமல் நூறு பகுதிகளைக் கடத்துகிறாள். இதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுகின்றனர். ஸப்ர் என்னும் அரபிச் சொல்லுக்கு உறுதியாய் நின்று தன்னைக் கட்டுப்படுத்துதல் என்பது பொருள். அநியாயத்துக்குத் துணை போகும் ஊமைத்தனம் அதில் இல்லை. உரிமையை உரிய இடத்தில் கேட்பது பொறுமைக்கு மாறானது அன்று. இராதிகாவின் வழக்குரைக்கும் குரல் இப்போதனைக்கு எதிராய் நின்றபோதெல்லாம் தொடர் உயிர்பெற்றது. அவரையும் ஊமையாக்கியபோது சோர்ந்தது.

திரைக்கு வெளியே

இனிச் சொந்த வாழ்வு. பொதுவில் அறியப்பட்டவற்றை மட்டும் சொல்வேன். 1985-இல் நடிகரும் இயக்குநருமான பிரதாப் போத்தனை மணந்தார், விரைவில் பிரிந்தனர். அப்போத்தன் இயக்க, இராதிகா தயாரித்த 'மீண்டும் ஒரு காதல் கதை' சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மணம் முறிந்தாலும் கலைப்பயன் நின்றது. பின்னர் பிரிட்டனைச் சேர்ந்த ஒருவரை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். அந்தத் திருமணமும் நீடிக்கவில்லை. 2001 பிப்ரவரியில் நடிகர் சரத்குமாரை மணந்தார். அவருக்கு முதல் மனைவி வழியே இரு மகள்கள் இருந்தனர்.

ஆண்டைக் கவனிக்க வேண்டுகிறேன். 'சித்தி' தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், சித்தியாய் நடித்தவர் மெய்யாகவே ஒரு குடும்பத்துக்குச் சித்தியானார். திரையில் சாரதாவுக்காகக் கண்ணீர் விட்ட அதே வாய்கள், திரைக்கு வெளியே 'மூன்றாவது கல்யாணமாம்' என்று விரலை மடக்கின. இரண்டாம் தாரமாக வந்த கற்பனைப் பெண்ணுக்கு அனுதாபம். மறுமணம் செய்த மெய்யான பெண்ணுக்கு ஏளனம். இந்த முரண்பாட்டைத்தான் திறனாய்வாளன் சுட்டிக்காட்ட வேண்டும். நடிகையின் மணங்கள் ஏன் முறிந்தன, யார் குற்றம் என்பன அவர்களுக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ளவை. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அடுத்தடுத்து நிறுத்திக் கண்டிக்கிறது ஹுஜுராத் அத்தியாயம். நடிகைக்கு அதில் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

மற்றொன்றும் கற்கத் தக்கது. சரத்குமாரின் மூத்த மகளும் நடிகையுமான வரலட்சுமி, தமக்குத் தாய் ஒருவரே என்றும், இராதிகாவைத் தந்தையின் மனைவி என்ற முறையில் மதித்து 'ஆன்டி' என்று அழைப்பதாகவும் பேட்டிகளில் ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார். தொடர் எழுதுவோர் இதை ஒப்ப மாட்டார்கள். சிறுமி ஓடிவந்து 'அம்மா' என்று கட்டிக்கொண்டால்தான் அவர்களுக்குக் கதை நிறையும். வாழ்வு அவர்களைவிட நேர்மையானது. அம்மா என்ற பெயரைக் கேட்டுப் பெறாமலே ஒரு வீட்டில் மரியாதையோடு வாழ முடியும். பெற்ற தாயின் இடத்தை அழிக்காமலே புதியவளை ஏற்க முடியும். 'சித்தி' தொடர் நூற்றுக்கணக்கான பகுதிகளில் சொல்ல முயன்றதைக் காட்டிலும் முதிர்ந்த பாடம் இது.

நம் வாசல்

விரலை மடக்கிய வாய்களில் நம் வாய்களும் இருந்தன. நம்மிடத்தில்தான் அது பெரும் வியப்பு. அன்னை கதீஜா (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணக்கும் முன் இருமுறை மணமானவர்கள். அன்னையாரின் மறைவுக்குப் பின், தாயை இழந்த பெண்மக்கள் இருந்த அவ்வில்லத்துக்குக் கைம்பெண்ணான ஸவ்தா (ரலி) அவர்கள் வந்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். அவர்களுடைய மகன் உமர் இப்னு அபீஸலமாவுக்கு உணவுத் தட்டின் முன் அமர்ந்து உண்ணும் ஒழுக்கத்தை நபிகளாரே கற்றுக்கொடுத்ததை ஸஹீஹுல் புகாரி ஓதுவோர் அறிவர். கைகேயியின் நினைவிலிருந்து சித்தியை அளக்க வேண்டிய தேவை நமக்கு இருந்ததில்லை. நம்மிடம் வேறு முன்மாதிரிகள் இருந்தன. அவற்றை மவ்லிதுகளில் ஓதினோம், தெருவில் மறந்தோம்.

திண்டுக்கல் சமவெளி ஊர்களில் நான் கண்ணாரக் கண்டதைச் சொல்கிறேன். கன்னிப்பெண்ணின் நிக்காஹ் என்றால் பந்தலும் பிரியாணி மணமும் ஊரைக் கூட்டும். இத்தா முடிந்த ஒரு விதவைக்கோ தலாக்கான பெண்ணுக்கோ நிக்காஹ் என்றால், நாலு பேர் போதும் என்பார்கள். இரவில் முடித்துவிடலாம் என்பார்கள். பெண்ணை விடியுமுன் அனுப்பிவிடலாம் என்பார்கள். வலீமாவைப் பற்றிப் பேச்சே எழாது. திருமணத்தைப் பகிரங்கப்படுத்துவது சுன்னத் என்று போதிக்கும் நாமே, இந்த ஒரு திருமணத்தை மட்டும் களவுப் பொருளைப் போல் கைமாற்றுகிறோம். அப்படி மறைந்து சென்ற பெண், புது வீட்டில் உள்ள பிள்ளைகள் முன் எந்த முகத்தோடு நிற்பாள்? அவளைச் சித்தி என்று பயப்படும் அச்சிறு பிள்ளைகளுக்கு, ஊரே ஒளித்துக் கொண்டுவந்த ஒருத்தியை எப்படி நல்லவளாகத் தோன்றும்? கொடுமைக்காரச் சித்தியைக் கதைகள் பாதி உண்டாக்கின என்றால், மீதியை நம் ஒளிவு மறைவு உண்டாக்குகிறது.

இராதிகாவைப் பற்றி என் முடிவு இதுதான். குரலாலும் துணிவாலும் அவர் நம் காலத்தின் குறிப்பிடத்தக்க நடிகையருள் ஒருவர். அவர் தயாரித்த தொடர்களுள் முதன்மையானதன் முதற்கருவே சிறந்தது. பிற்காலத் தொடர்கள் வணிகத்தின் நீளத்தில் மெலிந்தன. சொந்த வாழ்வைப் பொறுத்தவரை, சட்டத்துக்கு உட்பட்டு வெளிப்படையாக மணந்து, வெளிப்படையாகப் பிரிந்து, மீண்டும் வெளிப்படையாக மணந்தவர் அவர். அவ்வெளிப்படைத் தன்மையை ஏளனம் செய்யும் உரிமை, மறுமணத்தை இருட்டில் நடத்தும் நமக்கு இல்லை.

அடுத்த முறை நம் மஹல்லாவில் ஒரு பெண் இரண்டாம் முறை மணமுடிக்கும்போது, பள்ளிவாசலில் பகலில் நிக்காஹை ஓதுங்கள். மஹர் இவ்வளவு என்று சபையறியச் சொல்லுங்கள். இயன்ற அளவில் வலீமாவும் வையுங்கள். அவ்வீட்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தி அவர்கள் தட்டிலும் சோறு வையுங்கள். வந்தவளை எப்பெயரிட்டு அழைப்பது என்பதை அப்பிள்ளைகளே தம் காலத்தில் தீர்மானித்துக்கொள்ளட்டும்.